உப்பில்லாச் சோறும் தொலைக்காட்சிக் குதிரையும்

ஆறு வருடங்கள் நான் ஒரு நாடகக் குழுவில் இருந்தேன். ஒருமுறைகூட மேடையில் கால் வைத்ததில்லை. என் இடம் வலது பக்கத் திரைக்குப் பின்னால் போட்ட ஒரு மடக்கு நாற்காலி. மடியில் நீள நோட்டு, கையில் சின்ன டார்ச். நடிப்பவர் வசனத்தை விட்டுவிட்டால் அடுத்த இரண்டு சொல்லை மெல்ல எடுத்துக் கொடுக்க வேண்டும். பிராம்ப்டர் என்பார்கள். பகலில் ஃபோர்ட்டில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். வீடு திலக் நகரில். சாயங்காலம் ரயில் மாறி மாதுங்கா வந்து ஒத்திகை முடித்துத்தான் வீட்டுக்குப் போவேன்.

குழுவில் எல்லோரும் என்னைப் போல ஆபீஸ் போகிறவர்கள். இளையவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுடைய வசனத்தை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. அந்த எழுத்தில் 'ழ' கிடையாது. அதனால் எங்கள் கோட்டைக் காவலன் மூன்று வருடமாக "வால்க மன்னர்" என்றே முழங்கிக்கொண்டிருந்தான். யாரும் திருத்தவில்லை. சபையும் அதற்குப் பழகிவிட்டது.

வருடத்துக்கு ஒரு புது நாடகம் போடுவோம். பெரும்பாலும் சிரிப்பு நாடகம். ஆனால் ஜனவரி மாதம் பள்ளிக்கூட ஹாலில் அந்தச் சரித்திர நாடகத்தைப் போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் ஜனங்கள் ரயில்வே பிளாட்பாரத்தில் நிறுத்திக் கேட்பார்கள். அதை எழுதியவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று முலுண்டில் குடியிருந்தார். வேறு எதையும் அவர் எழுதியதாகத் தெரியாது.

கதை சிறியது. ஒரு மலைக்கோட்டை. எதிரிப் படை கீழே முற்றுகை போட்டிருக்கிறது. போரில் காயம்பட்ட அரசன் விடியற்காலையில் இறந்துபோகிறான். உதவிக்கு வரும் படை மறுநாள்தான் வந்து சேரும். அரசன் இறந்தது தெரிந்தால் எதிரி அப்போதே மேலேறி வந்துவிடுவான். அந்த நேரம் பார்த்து எதிரியிடமிருந்து ஒரு தூதன் வருகிறான், அரசனைப் பார்க்க வேண்டும் என்று. ராணி அவனை வரவேற்று, "அரசர் பூஜையில் இருக்கிறார். வழி நடந்து வந்தவர், முதலில் சாப்பிடுங்கள்" என்று இலை போடுகிறாள். கணவனின் உடல் பக்கத்து அறையில் கிடக்கிறது. அவளே பரிமாறுகிறாள். சோறு, குழம்பு, கறி எல்லாம் வைக்கிறாள். இலையில் முதலில் வைக்க வேண்டிய உப்பை மட்டும் மறந்துவிடுகிறாள். சமையலிலும் உப்பில்லை.

தூதன் முதல் வாய் எடுத்து வைத்ததும் நிற்பான். காலியான இலை மூலையைப் பார்ப்பான். ராணி தலை நிமிராமல், "உப்பு போதுமா?" என்று கேட்பாள்.

"போதும், தாயே" என்பான் அவன். மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடிப்பான்.

அவ்வளவுதான். உப்பை மறக்கிற அளவுக்கு ஒரு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிடும். அவனுக்குப் புரிந்தது அவளுக்கும் புரிந்துவிடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவன் அந்த வீட்டு உப்பைத் தின்னவில்லை. போய்ச் சொன்னால் துரோகம் ஆகாது. கடைசிக் காட்சியில் அவன் தன் அரசன்முன் நிற்பான். "அவன் உயிரோடு இருக்கிறானா?" என்று அரசன் கேட்பான். "நலமாக இருக்கிறார். என்னோடு பேசினார்" என்று தூதன் பொய் சொல்வான். கோட்டை பிழைக்கும்.

ராணியாக நடித்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாலக்காட்டுக் குடும்பம், மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பகுதியில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது, ராணி வேஷத்தில் அது பதினோராவது வருடம். நாள் முழுக்க ஹெட்போனில் பேசிப் பேசி, குரலை உயர்த்தாமல் கடைசி வரிசைவரை கேட்க வைக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. மேடையில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. "போதும், தாயே" என்று தூதன் சொன்னபிறகு நாடகப் பிரதியில் 'நிறுத்தம்' என்று ஒரே சொல் இருக்கும். அக்கா அந்த இடத்தில் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைப்பார். சத்தம் வராமல் வைப்பார். அதற்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் சபை மூச்சு விடாது. நான் டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வேலைக்கு அது தப்பு. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அணைத்தேன்.

தூதனாக வந்தவர் தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருந்த பாய். திருநெல்வேலிப் பக்கம். பேச்சில் ஊர் போகவில்லை. மேடையில் ஏறினால் மட்டும் சுத்தமான நாடகத் தமிழ் வரும். மேடையில் வைக்கும் சோறு உண்மையிலேயே உப்பில்லாமல்தான் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பார்.

"உப்பு போட்டா என் மூஞ்சி பொய் சொல்லிரும்" என்பார்.

அக்காவை மேடைக்கு வெளியேயும் ராணியம்மா என்றுதான் கூப்பிடுவார்.

எண்பதுகளின் நடுவில், கலர் டிவி வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த சமயம். மாதுங்காவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட இந்தித் தயாரிப்பாளர் ஒருவர், மனைவி சொல்லி எங்கள் நாடகத்தைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு, பதிமூன்று வாரத் தொடராக இந்தியில் எடுக்கிறேன் என்றார். எழுதியவர் சம்மதித்தார். செய்தி தெரிந்த அன்று ஒத்திகை நடக்கவில்லை. நாங்கள் எல்லோரும் நாற்காலியைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்து, இந்தியில் உப்புக்கு என்ன செய்வார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

"அதுக்கென்ன கஷ்டம்? உப்பைத் தின்னுட்டு துரோகம் பண்றவன் நமக் ஹராம், விசுவாசமா இருக்கறவன் நமக் ஹலால்னு அவாளே தினம் சொல்றா. தமிழைவிட இந்தியில இன்னும் நன்னாப் பொருந்தும்" என்றார் அக்கா.

ராணியாக அவரையே கூப்பிடுவார்கள் என்று எங்களில் சிலர் நினைத்தோம். கூப்பிடவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சில வாரம் கழித்து, படப்பிடிப்பைப் பார்க்க வரலாம் என்று தயாரிப்பாளரின் மனைவி போன் செய்தார். அக்காவும் பாயும் நானும் ஒரு சனிக்கிழமை செம்பூரில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனோம்.

உள்ளே பெரிய தர்பார் போட்டிருந்தார்கள். எங்கள் மேடையில் கோட்டை என்பது ஒரு சாம்பல் நிறத் திரையும் ஒரு மர முக்காலியும்தான். இங்கே சுவர், தூண், தீப்பந்தம், பஞ்சு மெத்தை போட்ட சிம்மாசனம். பாய் சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் நின்ற சிப்பாயின் இடுப்புக் கச்சையைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெக்ஸின்" என்றார் என்னிடம். "ஸ்கூட்டர் சீட்டுக்குப் போடுவாவல்லா, அது."

ராணியாக நடித்த பெண்ணுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். இந்தி நாடக மேடையிலிருந்து வந்தவள். அக்காவைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் நகையோடும் கிரீடத்தோடும் எழுந்து வந்து நமஸ்தே சொல்லி, "அந்தச் சாப்பாட்டுக் காட்சியை நீங்கள் எப்படிச் செய்வீர்கள், தீதி? கதைச் சுருக்கத்தில் படித்தேன். எனக்கு வந்திருக்கிற வசனத்தில் அது இல்லை" என்று இந்தியில் கேட்டாள்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். ஓரத்தில் இருந்த மேக்கப் மேஜையில் டீ குடித்த சாஸர் ஒன்று இருந்தது. அதைப் பாய் முன்னால் வைத்தார். தலைமுடி கலையாமல் இருக்கத் தலையில் துணி கட்டிக்கொண்டு நின்ற மேக்கப்காரரைச் சற்று நகரச் சொன்னார். பிறகு வெறுங்கையால் பரிமாறினார். புடவை, கைப்பை, தோளில் குடை எல்லாம் அப்படியே இருந்தன. பாய் சாஸரிலிருந்து எடுத்து வாயில் வைத்தார், நின்றார். அக்கா தமிழிலேயே, "உப்பு போதுமா?" என்றார்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அக்கா இல்லாத கரண்டியை இல்லாத பாத்திரத்துக்குள் வைத்து முடிக்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு நேராக டைரக்டரிடம் போனாள். நாங்களும் பின்னால் போய் நின்றோம்.

டைரக்டர் கெட்ட மனிதர் அல்ல. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். அக்கா நமக் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "பெஹன்ஜி, ஹாலில் நானூறு பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் அப்படி இல்லை. குக்கர் விசில் அடிக்கும், குழந்தை அழும். நடுவில் சோப்புப் பொடி விளம்பரம் வரும். இலையில் உப்பில்லை என்று யார் கவனிப்பார்கள்? ராணி வாளை எடுத்தால் கவனிப்பார்கள்."

"சரிதான்" என்றார் அக்கா. ஆட்டோவில் திரும்பும்போது பாய்தான் பொரிந்துகொண்டே வந்தார். அக்கா என்னிடம், "அந்தக் குழந்தை முகம் நன்னா இருக்கு இல்லையா? நல்ல நடிகைடி. குடுத்தா செய்வா" என்றார்.

தொடர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அக்கா வீட்டில் புதிதாகக் கலர் டிவி வாங்கியிருந்தார். ஒவ்வொரு வாரமும் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவோம். முதல் வாரம் கேசரி எல்லாம் செய்திருந்தார். அரசன் தோன்றினான், பேச வாயைத் திறந்தான். எங்கள் எல்லோருடைய உதடுகளும் தானாக அசைந்தன. மனப்பாடமான வசனம் அல்லவா. ஆனால் அவன் வேறு எதையோ பேசினான். அறையில் இருந்த பன்னிரண்டு வாயும் பாதியில் நின்றன. இன்றைக்கும் அந்தத் தொடரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

வாரம் போகப் போக நிலைமை மோசமானது. எங்கள் நாடகம் இரண்டு மணி நேரம். பதிமூன்று வாரத்துக்கு இழுக்க வேண்டுமே. ராணிக்கு ஒரு பொறாமைக்காரத் தங்கை முளைத்தாள். மந்திரி விஷம் கலந்தார். கதவைச் சாத்தினால் கோட்டைச் சுவர் நடுங்கியது. இரண்டு வாரம் முழுக்க ஒரு நடனக்காரி ஆடினாள். ஒருமுறை நடுவில் படம் நின்று, 'ருகாவட் கே லியே கேத் ஹை' என்று தடங்கலுக்கு வருத்தம் தெரிவிக்கும் அட்டை வந்தது. "இதத்தான் மொத வாரமே போட்டிருக்கணும்" என்றார் பாய்.

பிறகு தூதன் வரும் வாரம் வந்தது. தூதன் வெள்ளைக் குதிரையில் வந்தான். வாழையிலைக்குப் பதில் பித்தளைத் தட்டில் லட்டும் ஆப்பிளும் வைத்திருந்தார்கள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பக்கத்து அறையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. தூதன் சிரித்தான். ராணி கண்ணீரோடு சுவரிலிருந்த வாளை உருவினாள். காமிரா அவள் முகத்துக்கு மூன்று தடவை ஓடிப் போனது. தூதன் குதிரையில் ஏறித் தப்பினான். ராணியும் ஒரு குதிரையில் ஏறித் துரத்தினாள். குதிரைகள் ஓடும்போதே சோப்புப் பொடி வந்துவிட்டது.

பாய் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "என்னத்த எடுத்திருக்கானுவ" என்றார். "பதினஞ்சு வருசமா நம்ம தூதன் அந்த ரகசியத்துக்கு வாயத் தொறக்கல. இவனுவ அவன அந்த வீட்டப் பாத்துச் சிரிக்க வச்சுட்டானுவ."

நாங்கள் எல்லோரும் சேர்ந்து திட்டினோம். சுவர், லட்டு, குதிரை, நடனக்காரி. அக்கா டிவியின் மரக் கதவை இழுத்து மூடிவிட்டு வந்தார்.

"வாளை எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் குழந்தை ஒரு நிமிஷம் தட்டைப் பார்த்தா, கவனிச்சேளா?" என்றார். "யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டா. அவளாத்தான் பார்த்தா. உப்பைத் தேடறா."

எங்களில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை. இத்தனைக்கும் கவனிப்பதுதான் என் வேலை. மறுநாள் அக்கா ஸ்டூடியோ விலாசத்துக்கு அந்தப் பெண் பெயரில் இந்தியில் ஒரு போஸ்ட் கார்டு எழுதினார். நான்தான் தபால் பெட்டியில் போட்டேன். நான்கு வரி. தட்டைப் பார்த்த அந்தப் பார்வை எனக்குப் போதும், நீ நிறைய நடிக்க வேண்டும் என்று. தொடரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதில் வரவில்லை. அக்கா அதை எதிர்பார்த்தவராகவும் தெரியவில்லை. தனக்குக் கிடைக்காத வேஷத்தில் இன்னொருத்தி நின்றதைப் பார்த்துவிட்டு, அதில் ஒரு நொடி நன்றாக இருந்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

தொடர் முடிந்த அடுத்த ஞாயிறு, எழுதியவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மூவரும் முலுண்டுக்குக் கிளம்பினோம். துக்கம் கேட்கப் போகிற மாதிரித்தான் போனோம். அக்கா மாதுங்காவில் ஏறினார், பாய் சயானில், நான் குர்லாவில். முலுண்ட் பிளாட்பாரத்தில் சேர்ந்துகொண்டோம்.

"ஐயாகிட்ட என்னன்னு பேச்ச ஆரம்பிக்க?" என்று படியிறங்கும்போது பாய் கேட்டார்.

"நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவர் பேசட்டும்" என்றார் அக்கா.

எழுதியவருக்கு அப்போது எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மகன் வீட்டில் இருந்தார். கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் மாதிரி மலர்ந்திருந்தது.

"வாங்கோ, வாங்கோ. பார்த்தேளா எல்லா வாரமும்? குதிரையைப் பார்த்தேளா?" என்றார்.

நாங்கள் உட்கார்ந்தோம். பாய் என்னைப் பார்த்தார்.

அக்காவும் நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். மாமா தொடர்ந்தார். "எனக்கு இந்தப் பேத்தி ஒருத்திதான். ஆறாவது படிக்கறா. தமிழ் படிக்க வராது. தாத்தா என்னவோ எழுதினார்னு தெரியும், என்னன்னு தெரியாது. இந்தப் பதிமூணு வாரமும் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தா. ஸ்கூல்ல போய், எங்க தாத்தா கதைன்னு சொல்லியிருக்கா. டீச்சர் கூப்பிட்டுக் கேட்டாளாம்."

அக்கா, "ரொம்ப சந்தோஷம் மாமா" என்றார்.

பாயால் அடக்க முடியவில்லை. "ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. அந்தச் சோறு போடுற எடத்தயே எடுத்துட்டாவளே. அதுல்லா நாடகம்?"

மாமா சிரித்தார். "ஒரு ரகசியம் சொல்றேன். நான் முதல்ல எழுதினது என்ன தெரியுமோ? தூதன் குதிரையில வரான், ராணி வாளை எடுக்கறா, துரத்தறா. நிஜமா. ரயில்வேல இருந்தப்போ அப்படித்தான் எழுதினேன். ஒத்திகைக்குக் கொண்டுபோனா, குதிரைக்கு எங்கே போறதுன்னு எல்லாரும் சிரிச்சா. மேடையில வாள் சண்டை போட இடமும் இல்லை. ஆத்துக்கு வந்து யோசிச்சேன். மேடையில என்ன வைக்க முடியும்? ஒரு இலை வைக்கலாம். சரி, சாப்பாடு போட்டுடுவோம்னு எழுதினேன். முப்பது வருஷம் கழிச்சு என் குதிரையை நான் பார்த்துட்டேன்."

பாய் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருடமாக அவர் உப்பில்லாமல் தின்ற சோறு, ஒரு குதிரை கிடைக்காததால் வந்த சோறு. நான் காபி டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டேன். சிரிப்பா, வேறு எதுவுமா என்று சொல்ல முடியாது.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "குதிரை கிடைக்காம போனது எங்க அதிர்ஷ்டம் மாமா" என்றார். "கிடைச்சிருந்தா எனக்கு வேலையே இருந்திருக்காது."

மாமா அவர் பக்கம் திரும்பினார். "இருக்கலாம்" என்றார். "நீ செய்யறதைப் பார்க்கறப்போ எனக்கே அது நான் எழுதினதான்னு தோணும்."

பாயும் தன்னைத் தேற்றிக்கொண்டார். கிளம்பும்போது, "குதிர நல்ல குதிரதான் ஐயா. வெள்ளக் குதிர, என்ன ஓட்டம் ஓடிச்சு" என்றார். வாரக்கணக்கில் அந்தக் குதிரையைத் திட்டியவர், மேடைக்கு வெளியே முதல் தடவையாகப் பொய் சொன்னார். ரயிலில் ஏறியபிறகும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அந்த ஜனவரியில் நாடகம் போடலாமா என்றே குழுவில் சந்தேகம் வந்தது. டிவியில் எல்லோரும் பார்த்துவிட்ட கதைக்கு யார் வருவார்கள் என்றார்கள் சிலர். அக்காதான் போடுவோம் என்றார். போட்டோம். ஹால் நிறைந்து, ஓரத்திலும் நின்றார்கள். அதுவரை எங்கள் பக்கம் வராத இளைஞர்கள், தமிழ் பாதி புரிகிறவர்கள், திலக் நகரிலிருந்தும் தேவ்நாரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். தொடர் பார்த்துவிட்டு வந்த கூட்டம் அது. மாமாவும் பேத்தியோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஆரம்பம் கஷ்டமாகத்தான் இருந்தது. சாம்பல் திரையைப் பார்த்ததும் பின்வரிசையில் சிரித்தார்கள். தூதன் நடந்து வந்ததும், "கோடா கஹாங் ஹை?" என்று ஒரு குரல் குதிரையைக் கேட்டது. பாய் அதைக் காதில் வாங்காமல் வந்து இலைமுன் உட்கார்ந்தார். அக்கா பரிமாறத் தொடங்கினார். சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. குழம்பு ஊற்றும்போது நின்றுவிட்டிருந்தது. "உப்பு போதுமா?" என்று அவர் கேட்டபோது ஹாலில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. வழக்கம்போல நான் டார்ச்சை அணைத்தேன்.

கடைசிக் காட்சி. எதிரி அரசன் கேட்டான்: "அவன் உயிரோடு இருக்கிறானா?"

பழைய வருடங்களில் இந்த இடத்தில் சபை தூதனுக்கு முன்னாலேயே பதிலை முணுமுணுக்கும். இந்தத் தடவை முணுமுணுப்பு இல்லை. தொடரில் இந்தக் காட்சியே வரவில்லை; வந்திருந்த பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. இரண்டாவது வரிசையிலிருந்து சின்னக் குரல், "தாத்தா, பதா தேகா க்யா?" என்றது. சொல்லிவிடுவானா என்று பேத்தி கேட்கிறாள். மாமா பதில் சொல்லவில்லை.

பாயும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. எனக்குப் பதறியது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு சொல் மறந்ததில்லை. டார்ச்சைப் போட்டு, "நலமாக இருக்கிறார்" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் அசையவில்லை. மறுபடியும், சற்று உரக்கச் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் என் பக்கம் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார். அதற்கப்புறம்தான் பாய் நிமிர்ந்து, "நலமாக இருக்கிறார். என்னோடு பேசினார்" என்றார். ஹால் மொத்தமும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. திரை விழுந்தபிறகும் கைதட்டல் வரச் சற்று நேரமானது, வந்தபிறகு நிற்கவில்லை.

மேடைக்குப் பின்னால் பாய் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டே என்னைத் தேடி வந்தார்.

"எம்மா, நீ எதுக்கு எடுத்துக் குடுத்த?"

"மறந்துட்டீங்கன்னு நினைச்சேன் பாய்."

"மறப்பனா? அவிய எல்லாம் என்ன சொல்லப் போறான்னு காத்துக் கெடந்தாவ. இத்தன வருசத்துல ஒருத்தனும் காத்துக் கெடக்கலயே. அதான் நானும் கொஞ்சம் நின்னு பாத்தேன்."

அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். "டிவிக்காராளுக்குத்தான் நன்றி சொல்லணும் பாய்" என்றார். "நம்ம முடிவை அவா தொடாம விட்டுட்டா."

நான் என் நோட்டைத் திறந்து, அந்த வசனத்துக்கு முன்னால் 'நிறுத்தம்' என்று எழுதிக்கொண்டேன்.